பியானோ கேட்ட மாலை

இவ்வாண்டு மலருக்கு இயற்பியல் தொடர்பாக ஏதேனும் எழுதித் தருமாறு மலர்க்குழு மாணவர்கள் கேட்டபோது, ஒலியியல் பற்றி எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் சூத்திரங்கள் வரவில்லை. 1988ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்து மாலை ஒன்றுதான் கண்முன் வந்து நின்றது. அப்போது நான் இளமறிவியல் இறுதியாண்டு மாணவன். என்னுடன் ஆம்பூர் நண்பன் ஒருவன் இருந்தான். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வான். ஆகவே நண்பன் என்றே எழுதுகிறேன். அன்று நாங்கள் இருவரும் சென்னை எழும்பூரில் ஒரு பியானோக் கச்சேரி கேட்டோம். அன்றுவரை நாங்கள் இருவருமே பியானோவைத் திரைப்படத்தில் மட்டும் கண்டவர்கள். பணக்கார வீட்டுக் கதாநாயகன் காதல் தோல்வியில் வாசிப்பானே, அந்தப் பியானோ!

முதலில் நண்பனைப் பற்றிச் சில சொற்கள். ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். நாள்தோறும் பேருந்தில் வருவான். வருவதற்கு முன், விடியற்காலை நான்கு மணி முதல் ஏழு மணிவரை டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலை. அவனுடைய தந்தையார் இடுப்பு வலியால் படுத்துவிட்டதால் அந்த இடத்தில் இவன் நின்றான். பச்சைத் தோலிலிருந்து மயிரைக் கழற்றுவதற்குச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு கலந்த நீரில் ஊறப்போடுவார்கள். அழுகிய முட்டையின் நாற்றம் அது. எத்தனை முறை குளித்தாலும் நகக்கண்ணில் நின்றுவிடும். வகுப்பில் கடைசிப் பெஞ்சில் சன்னலோரம் உட்காருவான். ஏன் அங்கே உட்காருகிறான் என்று எங்களில் எவரும் கேட்டதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் இசை என்றால் அவனுக்கு உயிர். பெரியப்பா தெருக்கூத்துக் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர். இவனும் சிறுவயதிலேயே கூத்து மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து துருத்தி அழுத்திப் பழகியவன். 1986இல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஒலிநாடா வெளிவந்தது. தியாகராஜருக்கும் பாஹ் என்ற ஜெர்மானிய மேதைக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு அது. ஆம்பூர் பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் அதைக் கேட்டுவிட்டு வந்து, "யார்டா அந்த பாஹ்? நம்ம ராஜாவே கும்பிடறாருன்னா பெரிய ஆளாத்தான் இருக்கணும்" என்று என்னைத் துளைத்தான். எனக்கென்ன தெரியும்? அந்தச் சமயத்தில்தான் எழும்பூரில் எழுத்தராக இருந்த என் மாமா, ஐரோப்பாவிலிருந்து வரும் ஒரு பெண்மணியின் பியானோக் கச்சேரிக்கு இரண்டு இலவச அனுமதிச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பிவைத்தார். நிகழ்ச்சி நிரலில் முதல் பெயரே பாஹ்!

நண்பன் வரத் தயங்கினான். "அங்க எல்லாம் பெரிய மனுசங்க வருவாங்கடா. நான் எதுக்கு?" என்றான். நான்தான் வற்புறுத்தி இழுத்துச் சென்றேன். பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள இதையும் சொல்லியாக வேண்டும்.

பாரிமுனையில் பேருந்து இறங்கி எழும்பூர் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்தரை. அருங்காட்சியக வளாகத்தில் 1896ஆம் ஆண்டில் கட்டப்பட்ட மியூசியம் தியேட்டர் அரங்கம். அரைவட்டமாக அடுக்கடுக்காய் உயரும் இருக்கைகள். ஒலிபெருக்கி ஒன்றையும் காணோம். மேடையில் கரிய நிறத்தில், ஏழடி நீளத்தில், மூன்று கால்களில் அது நின்றது. அதன் மூடி பாய்மரம்போல் ஒரு பக்கம் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டு கட்டுமஸ்தான எருமைகளை ஒன்றாய்ச் சேர்த்தாற்போல் இருக்கிறது என்றான் நண்பன். தொழில் புத்தி!

மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை எப்படிக் கேட்கும்? எனக்கு எழுந்த முதல் ஐயம் இது. பின்னாளில் படித்தறிந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். பியானோவுக்குள் ஏறத்தாழ 230 எஃகுக் கம்பிகள் உள்ளன. தாழ்ந்த சுரங்களுக்கு ஒற்றைக் கம்பி, இடைப்பட்டவற்றுக்கு இரட்டை, உயர்ந்தவற்றுக்கு மும்மூன்று. இவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை இருபது டன் அளவுக்கு வரும். மரச்சட்டம் தாங்குமா? தாங்காது. அதனால்தான் 1825இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பாப்காக் என்பவர் வார்ப்பிரும்புச் சட்டத்தைப் புகுத்தினார். கம்பி தானாக உரத்து ஒலிக்காது. மெல்லிய கம்பி காற்றை எவ்வளவு தள்ளிவிட முடியும்? கம்பியின் அதிர்வு ஒரு சிறு மரப்பாலத்தின் வழியே, ஸ்புரூஸ் மரத்தாலான அகன்ற பலகைக்குப் போகிறது. அப்பலகைதான் அரங்கத்துக் காற்றை அசைக்கிறது. வீணைக்குக் குடம் செய்யும் வேலையை இங்கே பலகை செய்கிறது. தூக்கி நிறுத்திய மூடி ஒலியை அவையோர் பக்கம் திருப்பிவிடுகிறது.

கலைஞர் வந்தார். அறுபது வயதிருக்கும். அவைக்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் உட்கார்ந்தார். இவ்வாறு பக்கவாட்டில் அமரும் வழக்கத்தைத் தொடங்கியவர் டுசெக் என்ற செக் நாட்டுக் கலைஞர் என்பர். ஒருவரே தனியாக ஒரு மாலை முழுவதும் வாசிக்கும் நிகழ்ச்சிக்கு 'ரிசைட்டல்' என்ற பெயர் 1840இல் லண்டனில் லிஸ்ட் வாசித்தபோது வழக்கில் வந்தது. அதற்கு முன் கச்சேரி என்றால் பாட்டு, வயலின், பியானோ எல்லாம் கலந்த கதம்பம்தான். பக்கவாத்தியம் இல்லை, சுருதிப்பெட்டி இல்லை, கையில் நோட்டும் இல்லை! ஒன்றரை மணி நேர இசை முழுவதும் அந்த அம்மையாரின் மனத்தில் இருந்தது.

பாஹ் முதலில். அவருடைய காலம் 1685 முதல் 1750 வரை. 1722இல் அவர் தொகுத்த நூலின் முதல் உருப்படியை அம்மையார் வாசித்தார். ஏதோ ஓடைநீர் படிக்கட்டில் இறங்குவதுபோல ஒரே நடையில் போயிற்று. அதில் பாட்டு எங்கே என்று தேடினேன், அகப்படவில்லை. நண்பன் என் காதில், "பாட்டு தனியா இல்லடா. எல்லாக் கட்டையும் சேர்ந்து ஒண்ணு சொல்லுது. தேடாத, கேளு" என்றான்.

'கட்டை' என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் பாடகர்கள் 'எனக்கு ஐந்து கட்டை', 'ஐந்தரைக் கட்டை' என்று சுருதியைக் குறிப்பிடுவது ஆர்மோனியக் கட்டையை வைத்துத்தான். அந்த ஆர்மோனியத்துக்குப் பெரிய பாட்டனார் வீட்டுப் பங்காளி என்று பியானோவைச் சொல்லலாம். கட்டை வரிசை ஒன்றே. ஆனால் ஆர்மோனியத்தில் காற்று, பியானோவில் அடி. பியானோவில் வெள்ளைக் கட்டைகள் 52, கறுப்புக் கட்டைகள் 36, ஆக 88. கடைசி இடக்கட்டையின் அதிர்வெண் நொடிக்கு 27.5, கடைசி வலக்கட்டைக்கு 4186. அடுத்தடுத்த இரு கட்டைகளின் விகிதம் எங்கும் ஒன்றே, அதாவது ஏறத்தாழ 1.0595. இந்த எண்ணைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் சரியாக 2 வரும். கீழ்ச் சட்ஜமத்திலிருந்து மேல் சட்ஜமத்துக்கு வந்துவிடுவோம். இந்தச் சமப் பங்கீட்டினால் எந்தக் கட்டையையும் சட்ஜமமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சட்ஜமமும் பஞ்சமமும் 2:3 என்ற தூய விகிதத்திலிருந்து மயிரிழை விலகும். காந்தாரம் இன்னும் சற்று அதிகமாகவே விலகும். கமகத்துக்கோ வழியே இல்லை. ஒரு கட்டையிலிருந்து மறு கட்டைக்கு வழுக்கிச் செல்ல முடியாது. இக்காரணங்களால்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கியே வைத்திருந்தது. அந்த வாதம் தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தெருக்கூத்துக்காரர்களை எந்த வானொலியும் கேட்டுக்கொண்டு தடை போடவில்லை. அவர்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அடுத்தது பீத்தோவனின் 'நிலவொளி' சொனாட்டா. அந்தப் பெயர் அவர் வைத்ததன்று. அவர் 1827இல் மறைந்த பிறகு ரெல்ஸ்டாப் என்ற எழுத்தாளரின் உவமையால் ஒட்டிக்கொண்டது. 1801இல் இயற்றப்பட்டு 1802இல் அச்சேறியது. அதே 1802இல்தான், காது கேளாமற் போய்க்கொண்டிருக்கும் துயரத்தைத் தம் தம்பியருக்கு எழுதி, அனுப்பாமலே வைத்துவிட்டார் பீத்தோவன். சொனாட்டா என்பது பல பகுதிகள் கொண்ட ஒரே உருப்படி. இதில் மூன்று பகுதிகள். முதல் பகுதி மும்மூன்று சுரங்களாக, வாய்க்குள் முணுமுணுப்பதுபோல் நகர்ந்து அடங்கியது.

அடங்கியதும் நண்பன் கைதட்டிவிட்டான்!

அரங்கில் வேறு எவரும் தட்டவில்லை. மூன்று தட்டு தட்டி, நான்காவது தட்டு பாதியில் நின்றுவிட்டது. முன்வரிசைத் தலைகள் திரும்பின. பகுதிகளுக்கிடையே கைதட்டக்கூடாது, முழு உருப்படியும் முடிந்த பிறகே தட்ட வேண்டும் என்பது அவர்கள் மரபு. ஆலாபனைக்கு ஒரு தட்டு, நிரவலுக்கு ஒரு தட்டு என்று வளர்ந்த நமக்கு எப்படித் தெரியும்? வேடிக்கை என்னவென்றால், அந்த மரபு ஒன்றும் பழைமையானதல்ல. 1778இல் பாரிசில் தம் சிம்பனியின் நடுவிலேயே அவையோர் கைதட்டியதை மொசார்ட் தந்தைக்கு மகிழ்ச்சியோடு எழுதினார். வாயைப் பொத்திக்கொண்டு கேட்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. ஆனால் இதெல்லாம் அன்று எங்களுக்குக் கைகொடுக்கவில்லை.

நண்பனுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மெல்ல மூக்கில் வைத்துக்கொண்டார். இதை நான் பார்த்தேன். பார்த்த மறுகணம் என் உடம்பு தானாக ஓர் அங்குலம் இந்தப் பக்கம் நகர்ந்தது. முழங்கையையும் நாற்காலிக் கைப்பிடியிலிருந்து எடுத்துக்கொண்டேன். வற்புறுத்தி அழைத்து வந்தவன் நான்தான்.

மூன்றாம் பகுதி இடியும் மழையுமாய் வந்தது. அப்போதுதான் இன்னொரு தொல்லை. நடுவில் ஒரு கட்டை திக்கத் தொடங்கியது. ஒரு முறை அடித்தால் இரு முறை ஒலித்தது. மறுமுறை ஒலிக்கவே இல்லை. அம்மையார் எப்படியோ சமாளித்து முடித்தார். இடைவேளை விட்டார்கள்.

இடைவேளையில் சிறு கருவிப்பெட்டியோடு பியானோ சீர்செய்பவர் மேடையேறினார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, ஐம்பது வயது. நாங்கள் மேடையோரம் போய் நின்றோம். முன்பக்கக் கட்டையைக் கழற்றினார். பிறகு மேசை இழுப்பறையை இழுப்பதுபோல் கட்டை வரிசை முழுவதையும் வெளியே இழுத்தார். அதன்மேல் நூற்றுக்கணக்கான மரத்துண்டுகளும் சிறு சுத்தியல்களும் படைவரிசைபோல் நின்றன. வெளியிலிருந்து பார்த்தால் அழகிய கரும்பெட்டி. உள்ளே ஒரு தொழிற்சாலை.

அந்தத் தொழிற்சாலையின் வேலையை இங்கே விளக்க வேண்டும், ஏனெனில் பியானோவின் உயிர் அதில்தான் இருக்கிறது. கட்டையை அழுத்தினால் சுத்தியல் கம்பியை அடிக்கிறது என்பது எளிது. அடித்த சுத்தியல் கம்பியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால்? ஒலி செத்துவிடும். எனவே கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே கட்டைக்கும் சுத்தியலுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிட வேண்டும். கடைசித் தூரத்தைச் சுத்தியல் எறியப்பட்ட கல்போலத் தானே பறந்து கடக்கிறது, அடித்துவிட்டுத் திரும்புகிறது. இந்த விடுபடும் பொறியைக் கண்டவர் இத்தாலியர் பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபொரி. புளோரன்சு நகரில் மெடிச்சி பிரபுக்களிடம் வேலை பார்த்தவர். 1700ஆம் ஆண்டுப் பொருட்பட்டியல் ஒன்றில் அவருடைய கருவி இடம்பெற்றுள்ளது. அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டில் கம்பியைச் சுண்டுவார்கள். எப்படி அழுத்தினாலும் ஒரே ஓசை அளவுதான். இதிலோ, விரல் வேகத்துக்கு ஏற்ப மெல்லவும் உரக்கவும் ஒலிக்கும். இத்தாலிய மொழியில் 'பியானோ' என்றால் மெல்ல, 'ஃபோர்த்தே' என்றால் உரக்க. பியானோஃபோர்த்தே என்ற முழுப்பெயரில் உரக்க என்பது உதிர்ந்து, மெல்ல என்பது மட்டும் எஞ்சியது.

கட்டை கீழிறங்குவது பத்து மில்லிமீட்டர் அளவே. அதற்குள் சுத்தியல் அதைப்போல் ஐந்து மடங்கு தூரம் எழுகிறது. இதனால் வாசிப்பவரின் ஆட்சியில் இருப்பது சுத்தியலின் வேகம் ஒன்றுதான். விடுபட்ட பிறகு அவரால் எதுவும் செய்ய முடியாது. வீணைக்காரர் மீட்டிய பிறகும் கம்பியை இழுத்துச் சுரத்தை வளைப்பார். பியானோக்காரர் வில்லிலிருந்து அம்பை விட்டவர். திரும்பி விழும் சுத்தியல் துள்ளி மீண்டும் அடித்துவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு காவல் துண்டு உண்டு. அதே கட்டையை விரைந்து மீண்டும் மீண்டும் அடிப்பதற்கான இரட்டை விடுபொறியை எரார் என்பவர் 1821இல் பாரிசில் அமைத்தார். திக்கிய கட்டைக்கு நோய் இங்கேதான்.

சீர்செய்பவர் ஒரு சுத்தியலைத் தூக்கிக் காட்டித் தம் உதவியாளரிடம், "காவல் வழுக்குது. மெட்ராஸ் காத்து ஈரம்" என்றார். நண்பன் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் சும்மா இருக்காமல், "அது தோலா சார்?" என்றான்.

"ஆமா தம்பி."

"தொட்டுப் பாக்கலாமா?"

அவர் இவனை ஒரு கணம் நோக்கிவிட்டு, அந்த வரிசையை விளிம்புக்கு நகர்த்தினார். நண்பன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒரே விரலால், தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல் தொட்டான். "குரோம் இல்ல. பட்டையும் இல்ல. எண்ணெய்ப் பதம். உள்பக்கம் வெளியே வெச்சு ஒட்டிக்கீறாங்க. அடி பட்டுப் பட்டு மேல பளபளன்னு ஆயிடுச்சு சார், அதான் வழுக்குது. கம்பி பிரஷ் போட்டுத் தேச்சா மறுபடி சொரசொரன்னு ஆயிடும்" என்றான்.

அவர் சிரித்தார். "அதைத்தான் செய்யப்போறேன். உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆம்பூர் சார்."

அவ்வளவுதான் சொன்னான். அவருக்கும் அது போதுமானதாக இருந்தது. பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே பேசினார். சுத்தியல் உருண்டு எழும் அடிக்குமிழுக்கும் தோல், பிடித்து நிறுத்தும் காவலுக்கும் தோல்; கட்டைக்கு இரண்டு என்றாலும் ஒரு பியானோவுக்கு 176 துண்டுகள். மான் தோல்தான் உத்தமம். வெளிநாட்டிலிருந்து வந்தால் உண்டு. இல்லாவிட்டால் கிடைத்ததை வைத்து ஒப்பேற்ற வேண்டும். இப்போது சுத்தியலின் தலையில் கம்பளி அழுத்தம் இருக்கிறது; ஆதியில் அதுவும் தோல்தான் என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை என்று பிறகு படித்தறிந்தேன். கிறிஸ்தோஃபொரியின் சுத்தியல் தலை, சுருட்டிய காகிதத்தின்மேல் தோல் ஒட்டியது. வியன்னா நகரப் பழைய பியானோக்களிலும் தோல்தான். 1826இல் பாரிசில் பாப் என்பவர் கம்பளி அழுத்தத்தைப் புகுத்தினார். மெல்லிய தோல் போர்த்திய சிறு சுத்தியல் கம்பியை நொடிப்பொழுதே தொடும். அதனால் மேற்சுரங்கள் மிகுந்து ஒலி தெளிவாக, சற்றுக் கூர்மையாக இருக்கும். தடித்த கம்பளி நெடுநேரம் தொட்டு மேற்சுரங்களை அடக்கிவிடும். ஒலி உருண்டு திரண்டு வரும். ஆகவே, சற்றுமுன் கேட்ட நிலவொளி சொனாட்டாவைப் பீத்தோவன் இயற்றியது தோல் சுத்தியல் பியானோவுக்காக! முதல் பகுதி முழுவதும் கம்பிகளின்மேல் படியும் ஒலியடக்கிகளைத் தூக்கிவைத்தே வாசிக்கவேண்டும் என்று அவர் எழுதியிருக்கிறார். இன்றைய பெரும் பியானோவில் அப்படியே செய்தால் ஒலிகள் குழம்பிக் கஞ்சியாகும். கால்மிதியைப் பாதி அழுத்தியும் விட்டும் சமாளிக்கிறார்கள். அவருடைய பியானோவில் ஒலி விரைவில் தேய்ந்ததால் அது பொருந்தியது.

நிற்க. இசைக்கும் தோலுக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதன்று. மிருதங்கத்தில் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் உண்டு. வாசிப்பவர் பெயர் அழைப்பிதழில் இருக்கும். தோல் தேர்ந்து மூட்டியவர் பெயர் இராது. அந்த மிருதங்கம் செய்வோரைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு தனி நூலே எழுதினார். நண்பனுக்கு அந்நூலைப் பற்றிச் சொன்னபோது, "இப்பவாச்சும் எழுதினாரே" என்றான்.

மணி அடித்தது. இருக்கைக்குத் திரும்பினோம். நண்பன் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டாம் பகுதி முழுவதும் போலந்து நாட்டுச் சோப்பன், 1810இல் பிறந்து 39 வயதில் மறைந்தவர். மெல்லிய இரவுப் பாடல் ஒன்று முதலில் வந்தது. பிறகு கறுப்புக் கட்டைப் பயிற்சி என்று வழங்கும் சிறு உருப்படி, 1833இல் வெளியானது. வலக்கை ஓரிடம் தவிர முற்றிலும் கறுப்புக் கட்டைகளிலேயே ஓடும். தொடங்கி நான்கைந்து நொடிதான் ஆகியிருக்கும், நண்பன் என் தொடையைக் கிள்ளினான்.

"மோகனம்டா!"

எனக்கு வியப்பு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலரைக் கட்டையைச் சட்ஜமமாக வைத்துக் கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் ச ரி க ப த என்று மோகனத்தின் ஐந்து சுரங்களும் வந்து நிற்கும். பெரியப்பாவின் ஆர்மோனியத்தில் இவன் முதலில் கற்றதே அதுதானாம். கூத்தில் கட்டியங்காரன் வரும்போது கறுப்புக் கட்டையிலேயே விளையாடுவாராம். கமகம் இல்லாத மோகனம், அடியில் இடக்கை வேறு ஏதேதோ சேர்த்துச் சொல்கிறது. ஆகவே இது மோகனம் என்று சங்கீத வித்துவான் எவரும் ஒப்பமாட்டார். நண்பன் ஒப்பினான். அந்தக் கட்டையும் திக்கவில்லை.

முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். நண்பன் தட்டவில்லை. "இப்ப தட்டலாம்டா" என்றேன். "தெரியும்" என்றான், மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரவு பாரிமுனையிலிருந்து கடைசிப் பேருந்து. பூவிருந்தவல்லி தாண்டிய பின் அவன் கேட்டான்: "அந்தப் பெரியவர் கைக்குட்டை எடுத்தாரே, பார்த்தியா?"

"இல்லையே, எப்போ?" என்றேன்.

அவன் மேலே ஒன்றும் கேட்கவில்லை. வாலாஜா வரும்வரை சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். எனக்கும் தூக்கம் வரவில்லை. தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

பின்கதை சிறிது உண்டு. சீர்செய்பவர் கொடுத்த முகவரிக்கு நண்பன் ஒரு பொட்டலம் அனுப்பினான். டேனரியில் கழிவாய் விழுந்த மெல்லிய ஆட்டுத்தோல் துண்டுகளைப் பொறுக்கி, எண்ணெய் தேய்த்துத் தட்டிப் பதப்படுத்தியவை. பதினைந்து நாளில் அஞ்சலட்டை வந்தது: தோல் நல்ல தோல், தடிமன் அதிகம். அடுத்த வாரமே மெஷினில் சீவி இரண்டாம் பொட்டலம் போயிற்று. அதற்குப் பதில் வரவில்லை. அந்தத் துண்டுகள் ஏதாவது பியானோவில் ஏறினவா, குப்பையில் விழுந்தனவா, எவர் கண்டார்?

இறுதியாண்டுத் தேர்வில் அவனுக்கு இரண்டு தாள் நின்றுபோயின, திரும்ப எழுதவில்லை. தந்தையார் எழுந்திருக்கவே இல்லை. சுண்ணாம்புக் குழியிலிருந்து மேலே வந்து, தோலைத் தரம் பிரிக்கும் அசார்ட்டர் ஆனான். பாலாற்று மாசு வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அவன் இருந்த டேனரி சில காலம் மூடிக்கிடந்தது. அந்த மாதங்களில் கூத்துக் குழுவோடு ஆர்மோனியம் தூக்கிக்கொண்டு போனான். ஆம்பூர் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது; நான் வேலூர்க்காரன், நீ வேற ஜில்லா என்று அவனைக் கேலி செய்வேன். இன்றும் அவன் விரலிடுக்கில் ஒரு தோலைப் பிடித்தால் அதன் தடிமனை மில்லிமீட்டரில் சொல்வான். பிறகு கருவியை வைத்து அளந்தால் சரியாக இருக்கும்.

மாதம் ஒருமுறை அவன் வீட்டுக்குப் போகிறேன். பிரியாணி சாப்பிடுவோம், பேசுவோம். அந்தப் பேருந்தில் கேட்ட கேள்வியை அவன் மறுபடி எடுத்ததில்லை. நானும் எடுத்ததில்லை. இந்த மலர் அச்சாகி வந்ததும் ஒரு படியை எடுத்துக்கொண்டு ஆம்பூர் போவதாக இருக்கிறேன். கைக்குட்டை பற்றி எழுதியிருக்கும் இந்தப் பக்கத்தை மடித்து அவன் கையில் கொடுக்க வேண்டும்.